‘எல்லாம் சமமல்ல’ என்பதன் பொருள்: மாறுபாட்டுப் பகுப்பாய்வும் பின்தொடர் சோதனைகளும்

நம்மிடம் ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்று, பின்னர் பல்கலைக்கழகம் புகுந்து கல்வியியலில் முதுநிலைப் பட்டத்திற்குப் பயின்றுவரும் மாணவர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் தம் ஆய்வேட்டின் தட்டச்சுப் படியுடன் நம் இல்லம் வந்திருந்தார். அரபு இலக்கணத்தைத் தொடக்க நிலையினருக்குக் கற்பிக்கும் மூன்று முறைகளை ஒப்பிட்டு அவர் ஆய்ந்திருந்தார். நம் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் ஒப்புவிக்கும் முறை ஒன்று; பயிற்சித்தாள்களைக் கொண்டு நடத்துவது மற்றொன்று; உரையாடல் வழியே விதியை உணர்த்தும் புதுமுறை மூன்றாவது. மொழிநடையைத் திருத்தித் தருமாறு கேட்டே அவர் ஏட்டைத் தந்தார். கணக்கியலில் நமக்குப் புலமை இருப்பதாக அவரும் எண்ணவில்லை, நாமும் எண்ணவில்லை.

ஐந்தாம் இயலின் இறுதியில் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: “எஃப் சோதனையின்படி மூன்று முறைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டென்பது நிறுவப்பட்டது. எனவே பழைய முறையினும் புதுமுறையே சிறந்தது என்பது தெளிவு.” அந்த ‘எனவே’ என்னும் சொல்லில் நம் பேனா நின்றுவிட்டது. அடுத்த இயலில், மத்ரஸாக்கள் பழைய முறையைக் கைவிட வேண்டும் என்ற பரிந்துரையும் இருந்தது. வரும் கல்வியாண்டிலேயே பாடத்திட்டத்தை மாற்ற ஒரு பள்ளியின் நிர்வாகத்தினர் ஆர்வம் காட்டுவதாகவும் அவர் மகிழ்ச்சியோடு கூறினார்.

“தம்பி, நம்மிடம் மன்திக் ஓதியவர் நீங்கள். ஸல்புல் உமூமுக்கும் உமூமுஸ் ஸல்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லுங்கள் பார்ப்போம்” என்றோம். சற்றும் தயங்காமல் சொன்னார். சொல்லி முடித்தவர் தம் ஏட்டை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், நான் இதைத்தான் தவற விட்டேனா?” என்று கேட்டார்.

அன்று தொடங்கிய உரையாடலே நம்மைப் புள்ளியியல் நூல்களின் பக்கம் திருப்பியது. நாம் கற்றறிந்த அளவினை, கல்வித்துறையிலும் மருத்துவத்திலும் வேளாண்மையிலும் வெளிவரும் ஆய்வு முடிவுகளைப் படித்துப் பயன்கொள்ள வேண்டிய நிலையிலுள்ள வாசகர்களுக்காக இங்கே எடுத்துரைக்கிறோம்.

தர்க்கத்திலிருந்தே தொடங்குவோம். அரபு மொழியில் ‘லம் யகும் குல்லு இன்ஸானின்’ என்றால் ‘மனிதர் எல்லாரும் எழுந்து நிற்கவில்லை’ என்று பொருள். சிலர் எழுந்திருக்கலாம், ஒருவரேனும் எழவில்லை என்பது மட்டும் உறுதி. எதிர்மறைச் சொல்லைப் பின்தள்ளி ‘குல்லு இன்ஸானின் லம் யகும்’ என்றால், ‘ஒவ்வொரு மனிதரும் எழவில்லை’, அதாவது எவருமே எழவில்லை என்றாகிவிடும். முன்னது பொதுமையை மறுப்பது. பின்னது மறுப்பைப் பொதுமையாக்குவது. இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ முதலான பலாகா அறிஞர்கள் இச்சிறு இடமாற்றத்தைப் பற்றி நுட்பமாக ஆராய்ந்திருக்கின்றனர். தமிழில் ‘எல்லாரும் வரவில்லை’ என்னும் தொடர் இவ்விரு பொருளுக்கும் இடந்தருவதால், நாம் கூடுதல் எச்சரிக்கையோடிருக்க வேண்டியவர்களாகிறோம்.

ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்னும் சோதனை எடுத்துக்கொள்ளும் கூற்று, ‘இக்குழுக்களின் உண்மைச் சராசரிகள் எல்லாம் சமம்’ என்பதாகும். இதனைப் புள்ளியியலார் இன்மை எடுகோள் என்பர். சோதனை இக்கூற்றை மறுக்கும்போது நமக்குக் கிட்டுவது ‘எல்லாம் சமமல்ல’ என்னும் பொதுமை மறுப்பு மட்டுமே. எது எதனினின்று வேறுபட்டது, எத்தனை இணைகள் வேறுபட்டன, எது உயர்ந்தது என்பன பற்றி அச்சோதனை வாய்திறப்பதில்லை. அது இஜ்மாலான செய்தி. தஃப்ஸீல் வேறிடத்திலிருந்து வரவேண்டும். அவ்வாறு விவரம் தரப் பிறந்தவையே பின்தொடர் சோதனைகள்.

இங்கே ஓர் ஐயம் எழும். ஒப்பிடுவதோ சராசரிகளை, அதற்கு மாறுபாட்டைப் பகுப்பானேன்? இவ்வினாவுக்கு விடை காண, இங்கிலாந்தின் ஹார்ப்பெண்டன் என்னும் ஊரிலுள்ள ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்திற்குச் செல்லவேண்டும். 1843இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தில் பல்லாண்டுக்கால விளைச்சல் கணக்குகள் குவிந்து கிடந்தன. அவற்றை ஆராய 1919இல் ரொனால்ட் ஃபிஷர் என்னும் இளைஞர் பணியமர்த்தப்பட்டார். அதற்கு முந்திய சில ஆண்டுகள் அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அக்காலத்திலேயே, 1918இல் வெளிவந்த மரபியல் கட்டுரையில், ‘மாறுபாடு’ என்னும் சொல்லைப் புள்ளியியலுக்குரிய கலைச்சொல்லாக அவர் வழங்கிவிட்டார். திட்ட விலக்கத்தின் வர்க்கமே அது. மாறுபாட்டைக் கையாள்வதில் ஒரு வசதி உண்டு: தனித்தனிக் காரணங்களால் விளையும் மாறுபாடுகளைக் கூட்டினால் மொத்த மாறுபாடு கிட்டும். எனவே மொத்தத்தைக் காரணவாரியாகப் பிரித்துக் காட்டவும் இயலும். 1923இல் வினிஃப்ரெட் மெக்கன்ஸி என்னும் பெண்மணியுடன் சேர்ந்து, உருளைக்கிழங்கு வகைகள் எருவுக்கு எவ்வாறு பலன் தருகின்றன என்பது குறித்து ஃபிஷர் வெளியிட்ட கட்டுரையில் இப்பகுப்பு முறை செயல்வடிவம் கொண்டது. 1925இல் ஆய்வாளர்களுக்காக அவர் எழுதிய நூல் அதனை உலகெங்கும் பரப்பியது. (மனித இனங்களையும் இனமேம்பாட்டையும் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துகள் நம்மால் ஏற்கத்தக்கனவல்ல. அவர் பயின்ற கேம்பிரிட்ஜ் கல்லூரியே 2020இல் அவரது நினைவாக வைத்திருந்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை அகற்றத் தீர்மானித்தது. ஒருவரிடம் கணக்கைக் கற்பது வேறு, அவரைப் பின்பற்றுவது வேறு.)

முறையை ஓர் உண்மையான எடுத்துக்காட்டால் விளக்குவோம். புள்ளியியலார் அன்னெட் டாப்சன் 1983இல் வெளியிட்ட பாடநூலில் செடி வளர்ச்சிச் சோதனையொன்றின் அளவுகள் உள்ளன. ‘ஆர்’ என்னும் கணிப்பொறி மென்பொருளில் அவை இணைக்கப்பட்டிருப்பதால் எவரும் எடுத்துச் சரிபார்க்கலாம். முப்பது செடிகள், பத்துப் பத்தாக மூன்று குழுக்கள். முதற்குழு வழக்கமான நிலையில் வளர்ந்தது. இதனைக் கட்டுப்பாட்டுக் குழு என்பர். மற்ற இரண்டும் இருவேறு முறைகளில் பராமரிக்கப்பட்டன. முடிவில் செடிகளை உலர்த்தி எடை பார்த்தனர். கட்டுப்பாட்டுக் குழுவின் சராசரி 5.032, முதல் முறையில் 4.661, இரண்டாம் முறையில் 5.526.

இவ்வெண்களைக் கண்டதும் ‘இரண்டாம் முறை வென்றது, முதல் முறை தோற்றது’ என்று கூற நா துடிக்கும். ஆனால் குழுக்களின் உள்ளே சென்று பார்க்கவேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவில் 4.17 எடையுள்ள செடியும் உண்டு, 6.11 உள்ளதும் உண்டு. தோற்றுப்போனதாக நாம் கருதும் முதல் முறையிலோ 3.59 முதல் 6.03 வரை பரவியிருக்கின்றன. ஒரே மண், ஒரே பராமரிப்பு. எனினும் செடிக்குச் செடி இத்துணை வேறுபாடு. இவ்வாறு இயல்பாகவே ஏறியிறங்கும் பொருள்களில் பத்தைப் பொறுக்கிச் சராசரி கண்டால், அச்சராசரியும் சிறிது ஏறியிறங்கத்தானே செய்யும்? அப்படியாயின் மூன்று சராசரிகளின் வேறுபாடு அந்த இயல்பான ஏற்றத்தாழ்வுக்கு உட்பட்டதா, அதனை மீறியதா என்பதே வினா. சராசரிகளை ஒப்பிட மாறுபாட்டை நாடுவதன் காரணம் இதுவே.

கணக்கு கடினமானதன்று. முப்பது செடிகளின் பொதுச் சராசரி 5.073. ஒவ்வொரு குழுச் சராசரியும் இதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதனை வர்க்கப்படுத்தி, குழுவிலுள்ள செடிகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 3.766 வரும். இது குழுக்களுக்கிடையிலான வர்க்கக் கூடுதல். பின்னர் ஒவ்வொரு செடியும் தன் குழுச் சராசரியிலிருந்து விலகியுள்ள அளவுகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 10.492, இது குழுக்களுக்கு உள்ளேயான வர்க்கக் கூடுதல். இரண்டையும் அப்படியே ஒப்பிடுதல் முறையாகாது. ஏனெனில் முன்னது மூன்று சராசரிகளிலிருந்தும் பின்னது முப்பது செடிகளிலிருந்தும் வந்தவை. மூன்று சராசரிகளில் இரண்டும் பொதுச் சராசரியும் தெரிந்துவிட்டால் மூன்றாவது தானே அமைந்துவிடும். ஆகவே அங்கே தடையின்றி மாறக்கூடியவை இரண்டே. அவ்வாறே குழுவுக்கு ஒன்பதாக உள்ளே இருபத்தேழு. இவற்றைக் கட்டின்மைக் கூறுகள் என்பர். 3.766ஐ 2 ஆலும், 10.492ஐ 27 ஆலும் வகுத்தால் முறையே 1.883, 0.389 என்னும் சராசரி வர்க்கங்கள் கிட்டும். முன்னதைப் பின்னதால் வகுக்க 4.85. இதுவே எஃப் விகிதம். ஃபிஷரைச் சிறப்பிக்கும் பொருட்டு அவர் பெயரின் முதலெழுத்தை இவ்விகிதத்திற்கு இட்டவர் அமெரிக்கப் புள்ளியியலார் ஜார்ஜ் ஸ்னெடிகர், ஆண்டு 1934.

குழுக்கள் யாவும் உண்மையில் ஒரே தன்மையுடையனவாயின் மேலெண்ணும் கீழெண்ணும் ஒரே இயல்பான ஏற்றத்தாழ்வையே அளக்கும். விகிதம் ஒன்றை ஒட்டி நிற்கும். குழுக்கள் உண்மையிலேயே வேறுபட்டால் மேலெண் மட்டும் பெருகும். இந்தச் சோதனைக்குரிய அட்டவணைப்படி, வேறுபாடு ஏதும் இல்லாதபோது விகிதம் 3.35ஐத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து முறையே. நமக்குக் கிடைத்த 4.85 அல்லது அதனினும் பெரிய விகிதம் அந்நிலையில் தோன்றுதற்கான நிகழ்தகவு 0.016. இது சிறிதாகையால் ‘எல்லாம் சமம்’ என்னும் கூற்றை மறுக்கிறோம். இந்த 0.016 என்பது ‘எல்லாம் சமமாயிருப்பதற்கான நிகழ்தகவு’ அன்று. ‘எல்லாம் சமமென்று வைத்துக்கொண்டால் இத்தகைய தரவு கிட்டுவதற்கான நிகழ்தகவு’ ஆகும். நிபந்தனையையும் அதன் விளைவையும் இடம்மாற்றிப் படிக்கும் இப்பிழை கற்றறிந்தோரிடமும் மலிந்திருக்கிறது.

இனி, எஃப் சோதனை எதற்கு, இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிட்டுவிடலாமே என்று கேட்கலாம். இரு சராசரிகளை ஒப்பிடும் ‘டி’ சோதனையை டப்ளின் நகரத்து மதுவாலையொன்றில் பணியாற்றிய வில்லியம் காசெட் என்பவர் ‘மாணவர்’ என்னும் புனைபெயரில் 1908லேயே வெளியிட்டுவிட்டார். ஆனால் ஒவ்வொரு சோதனையிலும், இல்லாத வேறுபாட்டை இருப்பதாகக் கூறிவிடும் அபாயம் நூற்றுக்கு ஐந்து உண்டு. இதனை முதல் வகைப் பிழை என்பர். மூன்று குழுக்களில் மூன்று இணைகள், ஐந்து குழுக்களில் பத்து, ஏழில் இருபத்தொன்று. சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், மூன்றில் ஒன்றேனும் பிழைபடும் வாய்ப்பு 14 விழுக்காடு. பத்தில் 40 விழுக்காடு. இணைகள் ஒரே சராசரிகளைப் பகிர்ந்துகொள்வதால் சரியான எண்கள் சிறிது வேறுபடும். அபாயம் வளர்வது மட்டும் மாறாது. பத்துப் பேரை விசாரித்து ஒருவர் மேல் குற்றம் கிடைத்ததென்று சொல்பவர், பத்துப் பேரை விசாரித்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டுமல்லவா?

இது வெறும் ஏட்டளவு அச்சமன்று. 2009இல் கிரெய்க் பென்னெட் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவர் தோழர்களும், மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் கருவிக்குள் ஒரு சால்மன் மீனை வைத்தனர். அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, படத்திலிருப்பவர் எத்தகைய உணர்ச்சியிலிருக்கிறார் என்று அம்மீனிடம் வினவினர். மீனோ ஏற்கெனவே செத்தது! கருவி பிரித்துக்காட்டிய 8064 சிறு பகுதிகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தபோது 16 பகுதிகளில் ‘செயல்பாடு’ தென்பட்டது. செத்த மீன் சிந்திக்கிறது என்று அதற்குப் பொருளா? எண்ணாயிரம் முறை கேட்டால் சில முறை ‘ஆம்’ என்று தற்செயலாகவே வரும் என்பதே பொருள். பல சோதனைகள் செய்ததற்குரிய திருத்தத்தை மேற்கொண்டதும் அச்செயல்பாடு முற்றாக மறைந்துவிட்டது. அக்காலத்தில் மூளைப்பட ஆய்வுகள் பலவும் அத்திருத்தமின்றியே வெளிவந்துகொண்டிருந்தன. பென்னெட் குழுவினருக்கு 2012இல் நகைச்சுவைக்குரிய இக் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிரிப்புக்கிடையே அவர்கள் உரைத்த செய்தியோ மிகக் கனமானது.

எனவே முதலில் எஃப் சோதனை, பின்னர் திருத்தத்துடன் கூடிய இணை ஒப்பீடுகள் என்னும் வழக்கம் உருவாயிற்று. பின்தொடர் சோதனைகள் பல. எல்லாவற்றையும் இங்கே விரிக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றும் எந்த வினாவுக்கு விடை கூறப் பிறந்தது என்பதை அறிந்தால் போதும்.

ஃபிஷர் தாமே 1935இல் எழுதிய சோதனை வடிவமைப்பு நூலில் கூறிய வழி எளியது: எஃப் சோதனை வேறுபாடு காட்டினால் மட்டும் சாதாரண டி சோதனைகளைச் செய்க. நம் செடிக் கணக்கில் இவ்வழிப்படி இரு சராசரிகள் 0.57க்கு மேல் விலகியிருந்தால் அவை வேறுபட்டனவாகும். இதற்கு ‘மீச்சிறு குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று பெயர். குழுக்கள் மூன்றாக இருக்கும்வரை இந்த இருபடிக் காவல் பிழையை ஐந்து விழுக்காட்டிற்குள் அடக்கிவைக்கும். நான்கும் அதற்கு மேலும் ஆனால் காவல் தளர்ந்துவிடும்: ஒரு குழு மட்டும் உண்மையிலேயே பெரிதும் வேறுபட்டிருந்தால் அதன் தயவில் எஃப் வாயில் திறக்கும், திறந்த வாயிலில் ஏனைய பொய் வேறுபாடுகளும் நுழைந்துவிடும். இந்த வரம்பைப் பல கையேடுகள் குறிப்பிடாமலே விட்டுவிடுகின்றன.

இத்தாலியர் கார்லோ போன்ஃபெரோனி பெயரால் வழங்கும் திருத்தத்தைப் பள்ளி மாணவரும் செய்யலாம். எத்தனை ஒப்பீடுகளோ அத்தனையால் 0.05ஐ வகுத்துக்கொள்க. மூன்று ஒப்பீடுகள் எனில் ஒவ்வொன்றுக்கும் 0.0167. ஒப்பீடுகள் பெருகப் பெருக இது மிகக் கடுமையாகி, உண்மையான வேறுபாடுகளையும் காணவிடாமல் செய்துவிடும் என்பது இதன் குறை.

எல்லா இணைகளையும் ஒப்பிடுவதே நோக்கமாயின் பெரும்பாலோர் நாடுவது ஜான் டூக்கி 1953ஆம் ஆண்டளவில் வகுத்த முறையை. அமெரிக்கராகிய இவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். கணிப்பொறியாளர் நாள்தோறும் உச்சரிக்கும் ‘பிட்’ என்னும் சொல்லை ஆக்கியவரும் இவரே. இவருடைய சிந்தனை நேரானது. பல குழுக்களைப் பார்த்ததும் நம் கண் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே ‘வேறுபாடே இல்லாத நிலையில் உச்சத்திற்கும் தாழ்வுக்கும் இடையிலான தொலைவு தற்செயலாக எவ்வளவு வரை போகும்?’ என்று கண்டறிந்து, அந்தத் தொலைவையே எல்லா இணைகளுக்கும் அளவுகோலாக்கிவிட்டார். செடிக் கணக்கில் அந்த அளவுகோல் 0.69.

அளவிட்டுப் பார்ப்போம். இரண்டாம் முறைக்கும் முதல் முறைக்கும் இடைவெளி 0.865, அளவுகோலைத் தாண்டிவிட்டது. கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் இரண்டாம் முறைக்கும் 0.494, தாண்டவில்லை. கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் முதல் முறைக்கும் 0.371, அதுவும் தாண்டவில்லை. ஃபிஷரின் இளகிய அளவான 0.57ஐக் கொண்டு பார்த்தாலும் முடிவு இதுவே. அதாவது, எஃப் சோதனை ‘எல்லாம் சமமல்ல’ என்று அறுதியிட்டுக் கூறிய அதே தரவில், எந்தப் புதுமுறையும் வழக்கமான நிலையினின்று வேறுபட்டதாக நிறுவப்படவில்லை! புதுமுறைகள் இரண்டும் தமக்குள்தாம் வேறுபட்டன. ‘எஃப் வேறுபாடு காட்டிற்று; எனவே புதிய முறை பழையதை வென்றது’ என்று எழுதியவர் இங்கே முழுப்பொய்யை எழுதியிருப்பார்.

மன்திக் ஓதியவர்களுக்கு இதில் மற்றொரு திடுக்கீடும் காத்திருக்கிறது. கட்டுப்பாட்டுக் குழுவும் முதல் முறையும் வேறுபடவில்லை. கட்டுப்பாட்டுக் குழுவும் இரண்டாம் முறையும் வேறுபடவில்லை. ஆனால் முதலும் இரண்டும் வேறுபடுகின்றன. கியாஸுல் முஸாவாத்தின்படி, ஒன்றற்குச் சமமான இரண்டு தமக்குள்ளும் சமமாக வேண்டாவோ? முரண்பாடு போல் தோன்றும் இவ்விடத்தில் நாம் பலநாள் தடுமாறினோம். பின்னரே விளங்கிற்று: ‘வேறுபாடு நிறுவப்படவில்லை’ என்பது ‘சமம்’ என்பதாகாது. டூக்கியின் கணக்குப்படி கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் இரண்டாம் முறைக்குமிடையிலான உண்மை வேறுபாடு 0.197 குறைவு என்பதிலிருந்து 1.185 மிகுதி என்பது வரை எங்கும் இருக்கலாம். இவ்வகன்ற எல்லைக்குள் பூச்சியமும் உண்டு, பெரும்பயனும் உண்டு. பத்துச் செடிகளைக் கொண்டு அதற்கு மேல் சொல்ல இயலாது. சாட்சி போதாமையால் வழக்கு தள்ளுபடியானதும், நிரபராதி என்று தீர்ப்பானதும் ஒன்றல்லவே. ஆய்வேடுகளில் ‘வேறுபாடு இல்லை’ என்று துணிந்து எழுதப்படும் வாக்கியங்களுள் பல, உண்மையில் ‘எமக்குத் தெரியவில்லை’ என்பதன் மாற்று வடிவங்களே.

சார்ல்ஸ் டன்னெட் என்னும் கனடா நாட்டவர் 1955இல் வெளியிட்ட முறை, கட்டுப்பாட்டுக் குழுவோடு மட்டும் மற்றவற்றை ஒப்பிடுவது. மருந்து ஆய்வுகளில் பெரிதும் பயன்படுவது. கேள்விகள் குறைவதால் அளவுகோலும் சற்றே இளகும். செடிக் கணக்கில் ஏறத்தாழ 0.65. ஆயினும் 0.494 அதனையும் எட்டவில்லை. கருதத்தக்கது யாதெனில், டன்னெட் முறையைத் தேர்ந்தவர் முதல் முறையையும் இரண்டாம் முறையையும் ஒப்பிடவே மாட்டார். அவருக்கு இத்தரவில் வேறுபாடு எதுவுமே அகப்படாது. கேட்ட கேள்விக்கு ஏற்பவே விடை அமைகிறது.

ஹென்றி ஷெஃபே 1953இல் அளித்த முறையோ எல்லாவற்றினும் தாராளமான கேள்விகளுக்கு இடந்தருவது. இணைகளை மட்டுமன்றி, ‘புதுமுறைகள் இரண்டின் கூட்டுச் சராசரி பழையதனின்று வேறுபடுகிறதா?’ போன்ற எந்தக் கலவையையும் தரவைப் பார்த்த பின்னரும் கேட்கலாம். அந்தத் தாராளத்திற்கு விலையாக அளவுகோல் உயர்கிறது, இணைகளுக்கு 0.72. செடிக் கணக்கில் அந்தக் கூட்டுச் சராசரி 5.09, கட்டுப்பாட்டுக் குழுவோ 5.03. ஒன்று தாழ்ந்து மற்றொன்று உயர்ந்ததால் இரண்டையும் கூட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றுமே நிகழாதது போல் தோன்றும். எஃப் சோதனை மறுப்புரைத்தால், ஷெஃபே முறையில் ஏதேனும் ஒரு கலவையாவது வேறுபட்டே தீரும் என்பது கணிதத்தால் உறுதிப்பட்டது. ஆனால் அது ஆய்வாளர் அறிய விரும்பிய கலவையாக இருக்கவேண்டுமென்ற கட்டாயமில்லை. ஏன், அது ஓர் இணையாகக்கூட இராமல் போகலாம். எஃப் வேறுபாடு காட்டியும் டூக்கி முறையில் எந்த இணையும் தேறாத தரவுகள் உண்டு, தலைகீழாகவும் நேர்வதுண்டு.

ஆகவே எந்தப் பின்தொடர் சோதனை என்பதைத் தரவைத் திரட்டும் முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் செய்து பார்த்து, நமக்குச் சாதகமாகப் பேசுவதை மட்டும் ஏட்டில் ஏற்றுவது பெருங்குற்றம். கணிப்பொறி வந்தபின் இக்குற்றம் ஒரு விசையைத் தட்டும் அளவுக்கு எளிதாகிவிட்டது.

மாறுபாட்டுப் பகுப்பாய்வுக்கு முன்நிபந்தனைகள் சில உண்டு. குழுக்களின் உள்ளேயான ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ ஒத்த அளவினதாக இருக்க வேண்டும். இல்லையேல் அதற்கென்று அமைந்த வெல்ச் முறை, கேம்ஸ்–ஹோவெல் முறை முதலானவற்றை நாடலாம். விலக்கங்கள் மணிவடிவப் பரவலை ஒட்டியிருக்க வேண்டும். சிறு பிசகுகளைச் சோதனை தாங்கிக்கொள்ளும். தாங்கவே தாங்காதது மூன்றாவது நிபந்தனை: அளவுகள் ஒன்றையொன்று சாராதிருத்தல். நம் மாணவரின் ஏட்டில் கணக்கை விடவும் பெரிய இடர் இங்கேதான் இருந்தது. மூன்று முறைகளையும் மூன்று வகுப்புகளில், மூன்று வெவ்வேறு ஆசிரியர்களைக் கொண்டு நடத்தியிருந்தார். ஒரு வகுப்பு மாணவர்கள் அனைவரும் ஒரே ஆசிரியரின் குரலைக் கேட்டவர்கள், ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுத்தவர்கள். எனவே அவர் கண்ட வேறுபாடு முறைகளால் வந்ததா, ஆசிரியர்களால் வந்ததா என்று பிரித்தறிய எந்தச் சோதனையாலும் இயலாது. ராதம்ஸ்டெட்டில் ஃபிஷர் ஒவ்வோர் எருவையும் பல பாத்திகளில், சமவாய்ப்பு முறையில் இடவேண்டும் என்று வலியுறுத்தியது இதற்காகவே. ஒரே பாத்தியில் ஒரு எருவை இட்டு அதில் நூறு செடிகளை எண்ணினாலும், எருவைப் பொறுத்தவரை அது ஒரே சான்று.

இதனைக் கேட்டபோது மாணவரின் முகம் வாடிற்று. ஓராண்டு உழைப்பு. ஆசிரியர்களை மாற்றி மாற்றி மீண்டும் நடத்த அவகாசம் இல்லை. ஏட்டைச் சமர்ப்பிக்க ஆறு வாரங்களே எஞ்சியிருந்தன. நாம் அவரைத் தம் வழிகாட்டிப் பேராசிரியரிடம் அனுப்பினோம். அவர்களிருவரும் அமர்ந்து டூக்கி முறையில் மறுபடி கணக்கிட்டனர். புதுமுறைக்கும் பயிற்சித்தாள் முறைக்கும் வேறுபாடு உண்டு. பழைய முறையினின்று இரண்டில் எதுவும் வேறுபட்டதாக நிறுவப்படவில்லை என்று வந்தது. அதையே எழுதினார். ஆசிரியர்களின் தாக்கத்தைப் பிரித்தறிய இயலாமையையும் ஒரு தனிப் பத்தியாகச் சேர்த்தார். மத்ரஸாக்களுக்கான பரிந்துரை இயலை நீக்கிவிட்டார்.

அந்தப் பள்ளி நிர்வாகத்தினரிடம் நேரில் சென்று விவரம் சொன்னதாகவும், பாடத்திட்ட மாற்றத்தை ஒத்திவைத்து, வரும் ஆண்டில் ஆறு வகுப்புகளில் சீட்டுக் குலுக்கி முறைகளைப் பிரித்துக்கொடுத்துச் சோதித்துப் பார்க்க அவர்கள் இசைந்ததாகவும் சென்ற வாரம் வந்தபோது தெரிவித்தார். ஒரு முறைக்கு இரண்டு வகுப்புகள் போதுமா என்று நம்மிடம் கேட்டார். போதாது என்றே நமக்குப் படுகிறது. எத்தனை வேண்டும் என்பதைக் கணக்கிடும் வழியை இப்போது இருவருமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.